பாறுகளைப் படம் எடுக்கப் போகும் தம்பிக்கு



டிசம்பரில் மசினகுடி போகிறாய், மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுக் கழுகுகளைப் படம் எடுக்கப் போகிறாய், 400 மில்லிமீட்டர் லென்ஸ் போதுமா, 600 வாடகைக்கு எடுக்க வேண்டுமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய். ஒற்றை வரியில் பதில் போட மனம் வரவில்லை. அதனால்தான் கடிதம். 400 போதும். லென்ஸைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இனி எழுதப் போவதெல்லாம் நீ கேட்காதவை. ஆனாலும் முழுக்கப் படி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி மாதம். இங்கே சிங்கப்பூரின் சாங்கியில், விமானங்கள் சக்கரத்தை இறக்கிக்கொண்டு தலைக்கு மேலே தாழ்வாகப் போகும் இடத்தில், வேலி ஓரமாக ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் கீழ்க்கிளையில் இமயமலைப் பாறு ஒன்று உட்கார்ந்திருந்தது. இளம் பறவை. மண்ணில் புரண்டு எழுந்த மாதிரி உடம்பெல்லாம் பழுப்பு. இறக்கைகளை மடிக்கக்கூடத் தெம்பில்லாமல் ஈரத்துணி போலத் தொங்கவிட்டிருந்தது. ஏழெட்டுக் காக்கைகள் மாறி மாறி வந்து அதன் முதுகைக் கொத்தின. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணின் மேல் ஒரு மெல்லிய தோல் அடிக்கடி வந்து மூடித் திறந்தது. அதை மட்டும் தெளிவாகப் பார்த்தேன், ஏனென்றால் அவ்வளவு கிட்டத்தில் நின்றிருந்தேன்.

நான் மட்டுமல்ல. முப்பது பேருக்கு மேல் கூடியிருந்தோம். யாரோ ஈரச்சந்தையில் இருந்து கோழித்துண்டு வாங்கி வந்து மரத்தடியில் எறிந்தார். சிங்கப்பூரில் காட்டுயிர்களுக்கு உணவு போடுவது 2020 முதல் சட்டப்படி குற்றம். அது தெரிந்தவர்களும் அன்று வாய் திறக்கவில்லை, அந்தக் கோழித்துண்டுக்காகவாவது பறவை கீழே இறங்காதா என்று காத்திருந்தார்கள். எனக்கு முகம் சரியாக விழவில்லை. இலை மறைத்தது. நான்கடி முன்னால் போனேன். அது எழுந்துவிட்டது. மூன்றே முறை இறக்கை அடித்து, மேலே ஏற முடியாமல், சாலைக்கு அந்தப் பக்கம் இன்னும் தாழ்வான இடத்தில் போய் விழுந்தாற்போல் உட்கார்ந்தது. அந்த நேரத்தில் நான் எடுத்த படம் கூர்மையாக வந்திருக்கிறது. இறகு இறகாக எண்ணலாம். இன்றுவரை யாரிடமும் அதைக் காட்டவில்லை.

அந்தப் பறவை இங்கே ஏன் வந்தது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இமயமலையிலும் திபெத் பீடபூமியிலும் வாழ்கிற இனம் அது. குளிர்காலத்தில் வளர்ந்த பறவைகள் தங்கள் வட்டாரத்தை அதிகம் விட்டுப் போவதில்லை. இளம் பறவைகள்தான் தெற்கே அலைகின்றன. பாறு இறக்கையடித்துப் பறக்கிற பறவை அல்ல. வெயிலில் நிலம் சூடாகி மேலே எழும் காற்றில் ஏறி மிதந்தே ஊர் கடக்கும். அப்படி மிதந்து மிதந்து தாய்லாந்தையும் மலேசியாவையும் தாண்டி, தீபகற்பம் முடிகிற இடத்துக்கு வந்துவிடும். அதற்குமேல் கடல். கடலுக்கு மேல் அந்த வெப்பக்காற்று எழும்பாது. கீழே பார்த்தால் சுத்தமான நகரம். செத்த மாடு ஏது, மான் ஏது? பட்டினியோடு சுற்றிச் சுற்றி, கடைசியில் ஏதோ ஒரு கிளையிலோ மொட்டை மாடியிலோ வந்து உட்கார்ந்துவிடும். 2021 டிசம்பர் கடைசியில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவான பூமலையில் இமயமலைப் பாறுகளோடு ஒரு கரும்பாறும் வந்து இறங்கியது உனக்கு நினைவிருக்கும். சிங்கப்பூரில் அந்த இனம் பதிவானது அதுதான் முதல் தடவை. சோர்ந்துபோன அதை மீட்டு, அப்போது இயங்கிக்கொண்டிருந்த ஜூரோங் பறவைப் பூங்காவில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆகவே இங்கே ஒரு பாறு தென்பட்டால் முதலில் கேமராவை எடுக்காதே. தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தொலைபேசியில் சொல். பிறகு பின்னால் போ. அதற்கு வேண்டியது நிழலும் தனிமையும். மறுநாள் காலை நிலம் சூடாகும்வரை யாரும் விரட்டாமல் இருந்தால், அது தானாகவே எழுந்து வடக்கே திரும்பிவிட வாய்ப்புண்டு. நாம் ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அந்த வாய்ப்பில் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்கிறோம்.

சரி, நீ போகிற நீலகிரிக்கு வருவோம்.

நீ படம் எடுக்கப் போகிற வெண்முதுகுப் பாறு, என் சிறுவயதில் இந்தியாவின் எந்த ஊர் எல்லையிலும் பார்க்கக்கூடிய பறவை. இந்தியா முழுக்கக் கோடிக்கணக்கில் இருந்தன. 1992-க்கும் 2007-க்கும் இடையில் அதில் 99.9 சதவீதம் போய்விட்டது. ஆயிரத்தில் ஒன்று மிஞ்சியது. எதிலும் கணக்குப் பார்க்கிற ஆள் நீ, இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பார். துப்பாக்கியில்லை, வலையில்லை, காட்டை வெட்டியதாலும் இல்லை. ராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயத்தில் பாறுகள் தலை தொங்கிக் கிளையிலேயே சாவதை பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் விபு பிரகாஷ் 1990-களில் கவனித்தார். தொற்றுநோயாக இருக்குமோ என்றுதான் பலரும் பல ஆண்டுகள் தேடினார்கள். பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸ் குழு செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது, குடலையும் ஈரலையும் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியது போல யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததற்கு அடையாளம் அது. காரணம் டைக்ளோஃபினாக், மாட்டுக்கு வலிக்கும் காய்ச்சலுக்கும் போடுகிற ஊசி. 2004-ல் அந்த ஆய்வு வெளியானது.

இதில் என்னை இன்றும் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. நூறு மாட்டுப் பிணங்களில் ஒன்றில்கூட மருந்து இருக்கத் தேவையில்லை. அதற்கும் குறைவான பங்கில் இருந்தாலே இவ்வளவு வேகமாகக் கூட்டம் அழிந்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு பிணத்தைச் சுற்றி ஐம்பது, நூறு பாறுகள் உட்காரும். அந்த ஒரு சாப்பாட்டில் எல்லாம் போய்விடும். பாறு ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். பறவை பருவத்துக்கு வரவே ஐந்து வயது ஆகிவிடும். போனதை ஈடு கட்ட அதனால் முடியாது.

இதற்கும் நமக்கும் என்ன என்று உன் தலைமுறையில் யாராவது கேட்டால், கோபப்படாமல் விளக்கிச் சொல். பாறுகளின் வயிற்றில் சுரக்கிற அமிலம் அவ்வளவு கடுமையானது, அடைப்பான் நோய்க் கிருமியையே கொன்றுவிடும். ஒரு கூட்டம் இறங்கினால் முழு மாடு சில மணி நேரத்தில் எலும்பாகிவிடும். பாறுகள் போனபின் பிணங்கள் அழுகின, தண்ணீரில் இறங்கின, நாய்கள் தின்றன. நாய்கள் பெருகின. ரேபிஸ் பெருகியது. எயல் ஃபிராங்க், அனந்த் சுதர்ஷன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், முன்பு பாறுகள் நிறைய இருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாறு இருந்து அழிந்த மாவட்டங்களில் மனிதச் சாவு 4 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. 2000 முதல் 2005 வரையிலான ஆண்டுகளில் மட்டும் கூடுதலாக 5 லட்சம் பேர் என்று 2024-ல் எழுதினார்கள். சிங்கப்பூர் 1953 முதல் ரேபிஸ் இல்லாத நாடு. அடுக்குமாடி வீட்டின் கீழே ஒரு நாய் குரைத்தால் உனக்குப் பயம் வராது. இந்தியாவில் நாய் கடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊசிக்காக பஸ் ஏறுகிற தாய்க்கு அந்தப் பயம் என்னவென்று தெரியும். அவளுக்கும் வானத்தில் சுற்றுகிற அந்தப் பறவைக்கும் உள்ள தொடர்பை ஒரு படத்தில் காட்ட முடியுமா? முடிந்தால், நீ கலைஞன்.

அதனால்தான் சொல்கிறேன், பறவையிடம் போவதற்கு முன் மாட்டிடம் போ.

மசினகுடி இருக்கிற சீகூர் பீடபூமிக்கு நான் போனபோது ஒரு பெரியவரின் பட்டியில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். பட்டி என்றால் முள்வேலி போட்டு மாடுகளை இரவில் அடைக்கிற இடம். சாணிதான் அங்கே வருமானம். ஒரு மாட்டுக்கு மடிநோய். மடி கல் மாதிரி இறுகிப் போய், தொட்டாலே உதைத்தது. முன்பு எப்போதோ போட்ட மருந்தின் காலி சீசா ஒன்றைக் கூரைச் செருகலில் இருந்து எடுத்துக் காட்டினார். என் உள்ளங்கையில் அடங்குகிற கண்ணாடிச் சீசா. முப்பது மில்லி. லேபிள் பாதி கிழிந்திருந்தது.

"மாடு எந்திரிக்கணும்னு போட்டோம். சீசாவுல என்ன எழுதியிருக்குன்னு எங்களுக்கு என்னங்க தெரியும்? யாரும் சொல்லலையே" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மாட்டுக்கு டைக்ளோஃபினாக் கூடாது என்று இந்திய அரசு 2006-ல் தடை செய்துவிட்டது. ஆனால் மனிதருக்கான ஊசிமருந்து முப்பது மில்லி சீசாவில் கடையில் கிடைத்துக்கொண்டே இருந்தது. ஒரு மனிதனுக்கு மூன்று மில்லி போதும். முப்பது மில்லி யாருக்காக? 2015-ல்தான் மூன்று மில்லிக்கு மேல் அடைக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவை உறுதி செய்தது. கீட்டோப்ரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் மாட்டுக்குத் தடையாக 2023 ஆகிவிட்டது. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடம்புக்குள் போய் டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது. பெயர் வேறு, நஞ்சு அதே. நிமிசுலைடு 2024 கடைசியில் தடையானது. பாறுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகம் என்ற மாற்று மருந்து இருக்கிறது, 2006-லேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். அது பட்டிக்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்தால் அவருடைய மாடும் எழுந்திருக்கும், மேலே சுற்றுகிற பறவையும் பிழைக்கும். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

அந்தப் பெரியவரைக் குற்றவாளியாகக் காட்டுகிற படம் எடுத்துவிடாதே. காட்டோரத்தில் மாடு வளர்க்கிறவர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் இல்லாவிட்டால் பாறுக்கு உணவும் குறையும். மலாயாத் தீபகற்பத்தில் ஒரு காலத்தில் வெண்முதுகுப் பாறும் செந்தலைப் பாறும் இருந்தன. டைக்ளோஃபினாக் வருவதற்கு வெகுகாலம் முன்பே, உணவு குறைந்து அவை மறைந்துவிட்டன. கம்போடியாவில் மிஞ்சியிருக்கும் சின்னக் கூட்டத்துக்கும் உணவுப் பஞ்சம், போதாததற்கு விஷம். புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்தால், கோபத்தில் மாட்டுப் பிணத்தில் விஷம் வைக்கிற வழக்கம் நம் பக்கமும் உண்டு. புலிக்கு வைத்தது பாறுக்கும் போகும். மாட்டை இழந்தவருக்கு இழப்பீடு உடனே கிடைத்தால் அந்த விஷம் பாட்டிலிலேயே இருந்துவிடும். உன் கேமரா அந்த வீட்டு வாசலிலும் கொஞ்ச நேரம் நிற்கட்டும்.

நம்பிக்கை தருகிற செய்தியும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கோயம்புத்தூரில் பாரதிதாசனும் அவருடைய அருளகம் அமைப்பும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஊர் ஊராக, மருந்துக்கடை மருந்துக்கடையாக, பட்டி பட்டியாகப் போய்ப் பேசியிருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2022-ல் பாறு பாதுகாப்புக்கென்றே மாநிலக் குழு அமைத்தது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றிலும் ஒரே நாட்களில் ஆட்களை நிறுத்தி, ஒரு பறவையை இருமுறை எண்ணாமல் கணக்கெடுத்தார்கள். 2023 பிப்ரவரியில் 246. அதே ஆண்டு டிசம்பரில் 320. சின்ன எண்தான். சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரே தெருவில் இதைவிடக் கூட்டம் நிற்கும். ஆனால் அந்த முந்நூற்றுச் சொச்சம் தென்னிந்தியாவின் கையிருப்பு. அதில் ஒரு கூட்டைக் கலைத்தாலும் கணக்கில் தெரியும்.

கூடு என்றதும் உன் கண் விரிவது எனக்குத் தெரிகிறது. மாயாற்றங்கரை நீர்மருது மரங்களின் உச்சியில் கூடு கட்டும். நீ போகிற டிசம்பர் முட்டையும் அடைகாப்புமாக இருக்கிற மாதம். தாய்ப்பறவை எழுந்தால் அந்த ஒற்றை முட்டை வெயிலுக்கும் காக்கைக்கும்தான். அங்குள்ள புலிகள் காப்பகத்துக்குள் அனுமதியில்லாமல் நடக்கக் கூடாது, டிரோன் பறக்கவிடக் கூடாது. இது சட்டம், உனக்கே தெரியும். சட்டம் எட்டாத இடத்தில்தான் உன் மனசாட்சிக்கு வேலை. "கூடு காட்டறேன், ஐயாயிரம் குடுங்க" என்று ஒருவர் வருவார். கொடுக்காதே. பிணத்தைக் கொண்டுபோய்ப் போட்டுப் பறவையை வரவழைக்கிறேன் என்பார் இன்னொருவர். அந்தப் பிணம் எங்கிருந்து வந்தது, அதில் என்ன ஊசி ஏறியிருக்கிறது என்று உன்னால் சொல்ல முடியாது. எடுத்த படத்தைப் போடும்போது இடத்தின் பெயரைப் போடாதே, கோப்பில் பதிந்திருக்கும் இடக்குறிப்பையும் நீக்கிவிடு. மாவட்டப் பெயர் போதும்.

தலைப்பு எழுதும்போது "பிணந்தின்னிக் கழுகு" என்று எழுதிவிடாதே. பாறு, எருவை என்று சங்கப் பாட்டிலேயே பெயர் இருக்கிறது. வைகிற சொல்லால் கூப்பிட்டுக்கொண்டே ஒன்றைக் காப்பாற்ற முடியாது என்பது என் எண்ணம். பெயர் வைப்பதும் படம் எடுப்பதில் ஒரு பகுதி.

என் அம்மா அதைப் பறவை என்றே சொல்லமாட்டாள். "அவங்க வர்ற நேரமாச்சு" என்பாள். எனக்கு ஆறோ ஏழோ வயது. திருக்கழுக்குன்றத்து மலைப்படிகளில் என்னை இழுத்துக்கொண்டு ஏறினாள். பாறை மேல் பண்டாரம் சர்க்கரைப் பொங்கல் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். உச்சி வெயில், கால் சுட்டது, கூட்டத்தில் ஒரு சத்தமில்லை. முதலில் ஒன்று வந்தது, பிறகு இன்னொன்று. வெள்ளை உடம்பு, மஞ்சள் முகம், இறக்கை நுனி மட்டும் கறுப்பு. கோழி மாதிரி தத்தித் தத்தி நடந்து வந்து, அவர் கையிலிருந்து தின்றன. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மஞ்சள்முகப் பாறு என்று அதற்குப் பெயர் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. 1990-களின் பிற்பகுதியில் அவை வருவது நின்றது. அம்மா அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் இருந்தாள். ஊருக்குப் போன் போடும்போதெல்லாம், "அவங்க வந்தாங்களாம்மா?" என்று கேட்பேன். "இல்லப்பா" என்பாள். அந்த இரண்டு பறவைகளின் படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. அப்போது யாரிடம் கேமரா இருந்தது?

நான் படம் எடுக்கத் தொடங்கியதே அதனால்தான் என்று நினைக்கிறேன். படம் எடுப்பதை விட்டுவிடு என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. எடு. நிறைய எடு. வானத்தில் ஏறி வட்டமிடும்போது எடு, அது தனக்கென்று வைத்திருக்கிற உயரத்தில் இருக்கும்போது. 1973-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் அபிஜான் நகருக்கு மேலே பதினோரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் ஒரு பாறு விமானத்தில் மோதியது. சாங்கியில் இருந்து கிளம்பும் விமானம் ஏறிச் சமன்படுகிற உயரம் அது. அப்படிப்பட்ட பறவையை மரத்தடியில், அவ்வளவு கிட்டத்தில் நின்று படம் எடுத்தவன் நான். நீ அப்படிச் செய்யாதே.

சாங்கி கிராமத்து ராமர் கோயிலுக்கு நாம் ஒருமுறை போனபோது ஜடாயு கதையைச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? சீதையைத் தூக்கிப்போன இராவணனைத் தடுக்கப் போய் இறக்கை வெட்டுப்பட்டு விழுந்த பாறுக்கு, ராமன் தன் அப்பாவுக்குச் செய்கிற மாதிரி ஈமக்கடன் செய்தான். ஊரில் உள்ள பிணத்தையெல்லாம் எடுத்துக் காலி செய்கிற பறவைக்கு ஒரு அரசகுமாரன் கொள்ளி வைத்தான் என்று நம் ஆட்கள் கதை கட்டியிருக்கிறார்கள். புள்ளிருக்குவேளூரில் ஜடாயு குண்டம் என்றே ஓர் இடம் உண்டு. திரும்பும்போது முடிந்தால் போய்விட்டு வா.

இனி வேலைக்கான சில குறிப்புகள். மசினகுடியில் காலை ஒன்பதரை மணிக்கு முன் பாறு அதிகம் எழாது, நிலம் சூடாக வேண்டும். அதற்கு முன் உள்ள நேரத்தைப் பட்டிகளுக்கு ஒதுக்கு. பால் கறக்கும் நேரத்தில் பேசப் போகாதே, சாணி அள்ளி முடிந்ததும் போ. கையில் கேமரா இல்லாமல் முதல் நாள் போ. மாட்டுக்கு என்ன வியாதி வந்தது, யார் ஊசி போட்டார், செத்த மாட்டை எங்கே போட்டார்கள் என்று கேள், சொல்வதை எழுதிக்கொள். சீசா இருந்தால் அதைப் படம் எடு. பக்கத்தில் ஒரு கை இருக்கட்டும், அளவு தெரிய. காட்டில் யானையோ காட்டெருமையோ தானாகச் செத்துக் கிடப்பதைப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லிவிட்டு விலகிவிடு. அதைப் புதைக்காமல் விடுவதும் இந்த வேலையில் ஒரு பகுதி. மழைக்கு உறை, அட்டைக்கு உப்பு, உபரி பேட்டரி. பெட்ரோல் பங்கு அங்கங்கே இருக்காது.

நீ ஜனவரியில் திரும்பிவிடுவாய். வந்த மறு ஞாயிறு காலை பத்தரைக்குச் சாங்கி முனை படகுத்துறைக்கு வா. கோப்பி குடித்துவிட்டு கடற்கரையோரம் நடப்போம். வடகிழக்குக் காற்று விட்டு வெயில் அடித்தால், ஜொகூர் பக்கமிருந்து சில நாட்களில் பெரிய இறக்கைகள் வருவதுண்டு. தொலைநோக்கி என்னிடம் இரண்டு இருக்கிறது. கேமராவை வீட்டில் வைத்துவிட்டு வா. அந்த மரத்தடிப் படத்தையும் அன்று கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
சாங்கியிலிருந்து உன் அண்ணன்